பூட்டிய அறையையும் திறந்து பார்க்க வேண்டும்: செட்டிநாட்டில் பழைய வீடு வாங்குமுன் ஒரு கட்டுமான ஆய்வு

செட்டிநாட்டுப் பக்கம் பழைய வீடு ஒன்றை வாங்கலாமா என்று விசாரிக்கத் தொடங்குபவர், நேரெதிரான இரண்டு பேச்சுகளைக் கேட்பார். தரகர், "நூறு வருஷமா மலை மாதிரி நிக்குது, இன்னும் நூறு வருஷம் நிக்கும்" என்பார். புது வீடு கட்டித்தரும் பொறியாளர் உள்ளே ஒரு சுற்று வந்துவிட்டு, "இதுல கம்பியும் இல்ல, பில்லரும் இல்ல, இடிச்சிட்டுக் கட்டுறதுதான் மேல்" என்பார். கேட்பவருக்குத் தலை சுற்றும். இருவருமே அந்த வீட்டின் எந்தப் பகுதியையும் தட்டிப் பார்த்ததில்லை, அளந்து பார்த்ததில்லை. அந்த வேலையைச் செய்வதற்குப் பெயர்தான் கட்டுமான ஆய்வு. அது எதைப் பார்க்கிறது, யார் செய்ய வேண்டும், எப்போது செய்ய வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எந்த வீடுகளைப் பற்றிய பேச்சு இது

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் காரைக்குடியையும் தேவகோட்டையையும் சுற்றிப் பரந்து கிடக்கின்றன செட்டிநாட்டு ஊர்கள். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், அரிமளம் என்று எழுபதுக்கும் மேல். இங்குள்ள பெரிய வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து 1940கள் வரை கட்டப்பட்டவை. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) செய்த கொண்டுவிக்கும் தொழிலின், அதாவது வட்டித் தொழிலின், வருமானம் இவற்றுக்குள் போயிருக்கிறது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததோடு அந்த வருமானம் அடைபட்டது. பிள்ளைகள் சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். தெருவுக்குத் தெரு நீளும் வீட்டைப் பராமரிக்கக் காசும் இல்லை, ஆளும் இல்லை என்ற நிலை வந்தது. 2014இல் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. ஆனாலும் ஒரு பட்டியலில் பெயர் இருப்பதால் எந்த வீட்டின் ஓடும் மாற்றப்படுவதில்லை.

ஆக, விற்பனைக்கு வரும் வீடு பெரும்பாலும் நன்றாகக் கட்டப்பட்டு, பின்பு பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த வீடு. ஆய்வு செய்பவர் தேட வேண்டியது கட்டியவர்களின் தவறை விட, கவனிக்காமல் விட்ட ஆண்டுகள் செய்த சேதத்தைத்தான்.

எவையெல்லாம் கட்டுமான ஆய்வு ஆகாது

வீடு வாங்கும்போது ஏற்கெனவே சில "பார்வைகள்" நடக்கும். அவற்றை ஆய்வு என்று எண்ணிக்கொள்வதால்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள்.

1. வழக்கறிஞர் மூலப்பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று ஆகியவற்றைப் பார்ப்பார். வீட்டின் உரிமை யாருக்கு என்பது அதில் தெரியும். வீட்டின் விட்டம் எப்படி இருக்கிறது என்பது தெரியாது.

2. வங்கிக் கடன் வாங்கினால் மதிப்பீட்டாளர் வருவார். கொடுக்கும் கடனுக்கு இந்தச் சொத்து ஈடாகுமா என்பதே அவர் கவலை. மனையின் விலையே கடனைத் தாங்கிவிட்டால் கூரையைப் பற்றி அவர் அதிகம் எழுத வேண்டியதில்லை.

3. பத்திரப்பதிவின்போது கட்டடத்துக்கு மதிப்புப் போடுவார்கள். அது முத்திரைத்தீர்வைக்கான கணக்கு.

சட்டத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி, தனக்குத் தெரிந்த முக்கியமான குறையை விற்பவர் வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டும். ஆனால் வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலே கண்டுபிடித்திருக்கக்கூடிய குறை இதில் சேராது. கூரை ஒழுகுவதும் சுவர் பிளந்திருப்பதும் பார்த்தால் தெரிபவை. பார்க்காமல் வாங்கிவிட்டுப் பிறகு "சொல்லவே இல்லையே" என்று வழக்காடுவது மிகவும் கடினம்.

இந்த வீடு எப்படி நிற்கிறது

புது வீட்டில் கம்பி கட்டிய கான்கிரீட் தூண்களும் உத்திரங்களும் எடையைத் தாங்கும்; சுவர் வெறும் மறைப்பு. பழைய வீட்டில் சுவரேதான் தாங்குகிறது. செங்கல்லையோ செம்புறாங்கல்லையோ சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய கனத்த சுவர். அதன்மேல் மர விட்டங்களும் கைமரங்களும் குறுக்குச் சட்டங்களும். அவற்றின்மேல் நாட்டு ஓடு, பிற்காலத்தில் மங்களூர் ஓடு. மாடித்தளம் உள்ள பகுதியில் மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லும் தளம்: மரச் சட்டங்களின்மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துவாக்கில் நிறுத்திச் சுண்ணாம்பில் பிணைத்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு, அதற்கும் மேலே தட்டோடு. வளவின் (வீட்டின் உட்கட்டின்) நடுவே வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தூண்கள். கூரையின் சரிவுகள் பலவும் மழைநீரை முற்றத்தில்தான் கொட்டும்.

கம்பி இல்லை என்பது குறை ஆகாது. இந்த வகைக் கட்டடத்தில் எடை மேலிருந்து நேராகக் கீழே இறங்குகிறது. சுவரின் கனமே அதற்குப் போதும். இது நிலைத்து நிற்க இரண்டு நிபந்தனைகள் மட்டுமே. சுவரும் மரமும் உலர்ந்து இருக்க வேண்டும். எடை இறங்கும் பாதையில் யாரும் கை வைத்திருக்கக் கூடாது. ஆய்வில் வரும் கேள்விகள் ஏறத்தாழ எல்லாமே இந்த இரண்டிலிருந்து கிளைப்பவைதான்.

முதலில் தண்ணீர் போகும் வழி

நல்ல ஆய்வாளர் வீட்டுக்குள் வந்ததும் சுவரைப் பார்க்க மாட்டார். ஏணி கேட்பார். இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் மடக்குதான் அவர் முதலில் போகும் இடம். அங்கே பதித்த தகரம் துருப்பிடித்து ஓட்டையாகியிருக்கும், அல்லது வேப்பஞ்சருகும் உடைந்த ஓடும் சேர்ந்து அடைத்திருக்கும். சரிவின் நடுவில் ஓர் ஓடு உடைந்தால் ஒழுகும் தண்ணீர் ஒரு கைமரத்தைக் கெடுக்கும். மடக்கு அடைத்துக்கொண்டால் கூரையின் பாதித் தண்ணீரும் ஒரே விட்டத்தின்மேல் இறங்கும்.

அடுத்து முற்றம். இங்கே பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. முற்றத்துத் தண்ணீர் தரைக்கு அடியில் கல் கால்வாய் வழியாகத் தெருவுக்கும், அங்கிருந்து ஊருணிக்கும் போகும்படி அந்தக் காலத்தில் அமைத்தார்கள். பிறகு தெருவில் சாலை போட்டார்கள். பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே மீண்டும் மீண்டும் போட்டார்கள். வீட்டின் மேடை உயரமானது என்பதால் வீட்டுக்குள் வெள்ளம் வராது. ஆனால் கால்வாயின் வெளிவாய் இப்போது சாலை மட்டத்துக்குக் கீழே புதைந்திருக்கலாம். அப்படியானால் முற்றத்தில் விழும் மழை அடித்தளத்துக்குள்ளேயே தேங்கி, சுவர் வழியே மேலே ஏறும்.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். முற்றத்துத் தூம்பில் பத்துக் குடம் தண்ணீரை மஞ்சள் கரைத்து ஊற்றி, தெருவில் ஒருவரை நிறுத்திப் பார்க்கச் சொன்னால் போதும். தண்ணீர் தெருவில் வராவிட்டால் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கும்வரை பேரத்தைத் தொடங்காதீர்கள்.

இயன்றால் ஐப்பசி, கார்த்திகையில் ஒருமுறை, நல்ல மழையின்போதே வீட்டைப் போய்ப் பாருங்கள். சித்திரை வெயிலில் எல்லா வீடும் உலர்ந்துதான் இருக்கும்.

விட்டத்தின் நுனி

"பர்மா தேக்கு, ஒன்றும் ஆகாது" என்ற பேச்சு பாதி உண்மை. வைரம் பாய்ந்த தேக்கைக் கறையான் எளிதில் தொடாது. ஆனால் வீட்டின் எல்லா மரமும் தேக்கு இல்லை. கண்ணில் படும் தூணும் கதவும் தேக்காக இருக்கும். பின்கட்டுக் கூரையில் பனஞ்சட்டம் இருக்கலாம், பிற்காலத்தில் மாற்றிய மலிவான மரம் இருக்கலாம். தேக்கிலும் வெளிப்புற வெளிர்மரம் உளுத்துப்போகும். மரத்தைப் பூஞ்சை பிடிக்க அதில் ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தாக வேண்டும். அந்த ஈரம் தங்கும் இடம் விட்டத்தின் நடுப்பகுதி இல்லை. சுவருக்குள் புதைந்திருக்கும் அதன் நுனி. காற்றுப் படாத இடம், சுவரின் ஓதம் நேராகப் பாயும் இடம், கண்ணுக்குத் தெரியாத இடம்.

ஆய்வு எப்படி நடக்கும் என்பதற்கு இந்த ஒரு வேலையே போதுமான எடுத்துக்காட்டு. ஆசாரி ஒருவர் ஏணியில் ஏறிச் சுத்தியலின் கைப்பிடியால் விட்டத்தை நடுவிலிருந்து சுவரை நோக்கித் தட்டிக்கொண்டே போவார். நல்ல மரம் கணீரென்று பேசும். சுவருக்கு ஒரு சாண் தூரத்தில் ஒலி திடீரென்று மொத்தையாகும். அங்கே கூர்மையான திருப்புளியை அழுத்துவார். நல்ல தேக்கில் அதன் முனை உள்ளே இறங்காது. உளுத்த மரத்தில் அரை விரல் ஆழம் போய், இழுக்கும்போது பழுப்புத் தூளோடு வெளியே வரும். பொறியாளர் ஈரமானியின் முள்ளைக் குத்தி, எண்ணைக் குறித்துக்கொள்வார். சந்தேகம் மிச்சமிருந்தால் மெல்லிய ஊசித் துரப்பணம் ஒன்றைச் செலுத்தி, அது சந்திக்கும் எதிர்ப்பை வரைபடமாக எடுக்கும் கருவியும் உண்டு. ஒரு வளவில் இருபது முப்பது விட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு நுனி. எல்லாவற்றையும் தட்டியாக வேண்டும்.

நுனி மட்டும் கெட்டிருந்தால் விட்டத்தையே தூக்கி எறிய வேண்டியதில்லை. கெட்டதை வெட்டி, புது மரத்தை ஒட்டுப்போட்டு அல்லது இரும்புத் தகட்டால் பிடித்துச் சரிசெய்யலாம். இதை முன்பே தெரிந்துகொள்வதால்தான் செலவைக் கணக்கிட முடிகிறது.

1900களுக்குப் பிந்தைய வீடுகளில் மரத்தோடு இங்கிலாந்திலிருந்து வந்த இரும்பு உத்திரங்களும் உண்டு. இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் பருமன் பல மடங்காகும். அந்த அழுத்தத்தில் சுற்றியுள்ள செங்கல் பிளக்கும். 1930, 40களின் வீடுகளில் ஆரம்பகாலக் கான்கிரீட்டையும் பார்க்கலாம்; அங்கே கம்பி துருத்தி நின்றால் கூடுதல் சோதனை தேவை.

சிமென்ட் செய்த சேதம்

பழைய வீட்டைக் கெடுப்பதில் மழைக்கு அடுத்த இடம், நல்லெண்ணத்தோடு செய்த பழுதுபார்ப்புக்கு.

இந்தச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தடுப்பு இல்லை. நிலத்தின் ஈரம் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும்; ஏறுவதும் ஆறுவதும் சமமாக நடக்கும். கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பல அடுக்காகப் பூசித் தேய்த்த செட்டிநாட்டுப் பூச்சும் சுண்ணாம்புதான். அதன்மேல் சிமென்ட் பூசினாலோ பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தாலோ ஈரம் வெளியேற முடியாது. அது இன்னும் மேலே ஏறும். முன்பு முழங்கால் உயரத்தில் நின்ற ஓதம் இடுப்பு உயரத்துக்கும், பின்பு விட்டத்தின் நுனிக்கும் போகும். உப்புப் பூத்துப் பூச்சு பொருக்குப் பொருக்காய் உதிரும். அதைப் பார்த்து இன்னொரு தடவை சிமென்ட் பூசுவார்கள்.

தளத்திலும் இதே கதை. மெட்ராஸ் டெரஸ் ஒழுகினால் மேலே 2 அங்குலக் கனத்துக்குச் சிமென்ட் கலவை போடுவது வழக்கமாகிவிட்டது. 10 அடிக்கு 10 அடி அறைக்கு அது ஏறத்தாழ 1 டன் கூடுதல் எடை. அதன்மேல் 1000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் இன்னொரு டன். கட்டிய கொத்தனார் கணக்கில் இரண்டுமே கிடையாது.

எனவே ஆய்வாளர் எல்லாப் பிற்காலச் சேர்க்கைகளையும் தனியே பட்டியலிட வேண்டும்: சிமென்ட் பூச்சு, மாடித் தொட்டி, மரத் தளத்தின்மேல் கட்டிய குளியலறை, வாசல் வைப்பதற்காக உடைத்த சுவர், அகற்றிய தூண்.

விரிசலைப் படிப்பது

விரிசலைக் கண்டதும் பயப்படுபவர்களும் உண்டு, வெள்ளையடித்து மறைத்தால் போதும் என்பவர்களும் உண்டு. அகலத்தைப் பொறுத்தவரை பொறியாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் அளவுகோல் இது: 5 மி.மீ. வரை பெரும்பாலும் பூச்சு வேலை. 5 முதல் 15 மி.மீ. வரை சுவரைப் பிரித்துக் கட்ட வேண்டி வரலாம். அதற்கு மேல் போனால் கட்டுமானமே கேள்விக்குரியது. அகலத்தை விட முக்கியம், விரிசல் இன்னும் நகர்கிறதா என்பது. எண்பது ஆண்டுக்கு முன்பு அடித்தளம் அமர்ந்தபோது விழுந்து, அப்படியே நின்றுவிட்ட விரிசல் ஆபத்தில்லாதது. உள்ளே தூசியும் சிலந்திக்கூடும் இருந்தால் அது பழையது. விளிம்பு கூராகவும் வெள்ளையாகவும் இருந்தால் புதியது.

உறுதியாகத் தெரிய, விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு பக்கமும் ஒட்டி, பென்சிலால் தேதி எழுதிவிடுவார்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டிப் பார்த்தால்தான் முழுப் பதில் கிடைக்கும்.

விரிசலில் அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே வெட்டிவிட்டதாகச் சொல்வதை ஏற்காதீர்கள். வேர் சுவருக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதே கேள்வி.

பூட்டிய அறைகள்

செட்டிநாட்டு வீட்டுக்கே உரிய சிக்கல் இது. வளவைச் சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கு, சொந்தம். ஒரு சாவி கோயம்புத்தூரில் இருக்கும், ஒன்று சிங்கப்பூரில் இருக்கும். வீட்டைக் காட்டுபவர், "அந்த ரூமும் இதே மாதிரிதான்" என்று சொல்லிக் கடந்துவிடுவார். பல ஆண்டுகளாக யாரும் திறக்காத அறையில்தான் ஒழுகலைக் கவனித்து ஓடு மாற்ற ஆள் இல்லாமல் போயிருக்கும். ஆய்வு நாளில் எல்லாச் சாவியும் வந்தாக வேண்டும். திறக்க முடியாத அறை இருந்தால் அறிக்கையில் "பார்க்கப்படவில்லை" என்று எழுதியிருக்க வேண்டும். அந்த அறையின் கூரை முழுவதும் கெட்டிருப்பதாக வைத்தே செலவைக் கணக்கிடுவது பாதுகாப்பு.

சாவி வராததற்குக் காரணம் பங்காளி விற்கச் சம்மதிக்காததாகவும் இருக்கலாம். அப்போது விஷயம் வழக்கறிஞருக்குப் போகிறது. பிரிக்கப்படாத குடும்ப வீட்டின் ஒரு பங்கை மட்டும் வெளியார் வாங்கினால், மற்றவர்களோடு சேர்ந்து அதில் குடியிருக்கும் உரிமை அவருக்கு வராது என்கிறது அதே சொத்து மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்குத் தூணும் கதவும் சன்னலும் போய்ச் சேர்ந்தது, பிரிக்கப்பட்ட வீடுகளிலிருந்துதான். ஒரு வீட்டின் பின்கட்டில் சில தூண்களையோ விட்டங்களையோ ஏற்கெனவே கழற்றி விற்றிருந்தால், அங்கே எடை எதன்மேல் இறங்குகிறது என்று பார்த்தாக வேண்டும். முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்பு பல ஆண்டாக நின்றுகொண்டிருக்கலாம்.

யாரை அழைப்பது, என்ன எழுதி வாங்குவது

கான்கிரீட் மட்டுமே அறிந்த பொறியாளர் இந்த வேலைக்குப் பொருத்தமில்லை. பழைய கட்டடங்களில் வேலை செய்த கட்டுமானப் பொறியாளர் ஒருவர், பாரம்பரியக் கட்டடங்களில் பழகிய ஆர்க்கிடெக்ட் ஒருவர், உள்ளூர் ஆசாரி, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் என்ற கூட்டணியே சரி. கடைசி இருவரின் நாள்கூலி ஆய்வுச் செலவில் மிகச் சிறிய பகுதி, ஆனால் பாதிக் கண்டுபிடிப்பு அவர்களுடையதாக இருக்கும். சென்னை ஐஐடியில் பாரம்பரியக் கட்டடங்களின் பாதுகாப்புக்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குகிறது; பாரம்பரியச் சின்னங்களைப் பாதுகாக்க உழைக்கும் இன்டாக் அமைப்புக்குத் தமிழ்நாட்டில் கிளைகள் உண்டு. ஆள் தேடுபவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

பொறியாளரிடம் முதலில் கேளுங்கள்: "சுண்ணாம்புக் கட்டடத்துல கடைசியா எங்க வேலை பார்த்தீங்க, அதை நாங்க போய்ப் பார்க்கலாமா?" அவர் தயங்கினால் வேறு ஆளைத் தேடலாம். அறிக்கையில் இவை இருக்க வேண்டும்:

1. ஒவ்வொரு அறைக்கும் எண் கொடுத்த வரைபடம். படங்கள் அந்த எண்களோடு பொருந்த வேண்டும்.

2. ஒவ்வொரு குறைக்கும் காரணம். "சுவரில் ஈரம்" என்பது போதாது; ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சொல்ல வேண்டும்.

3. அவசரத்தின் வரிசை: இன்றே முட்டுக் கொடுக்க வேண்டியவை, அடுத்த மழைக்குமுன் முடிக்க வேண்டியவை, சில ஆண்டுகள் பொறுக்கக்கூடியவை.

4. எதை வைத்துக்கொள்ளலாம், எதை மாற்ற வேண்டும், எந்தப் பொருளால். சுண்ணாம்புச் சுவருக்குச் சிமென்டைப் பரிந்துரைத்தால் காரணம் கேளுங்கள்.

5. தோராயச் செலவு, பார்க்க முடியாமல் போன இடங்களின் பட்டியல்.

"கட்டடம் நல்ல நிலையில் உள்ளது" என்ற ஒற்றை வரியோடு முத்திரை குத்தித் தரும் ஸ்டெபிலிட்டி சான்று இந்த வேலைக்கு உதவாது.

முன்பணத்துக்கு முன்பா, பின்பா

முன்பே. முன்பணம் கைமாறிய பிறகு விற்பவருக்கு ஏணி போட அனுமதிக்கும் அவசரம் குறைந்துவிடும். "அட்வான்ஸ் கொடுத்தாத்தான் ஆள் விடுவோம்" என்று நின்றால், சிறு தொகையோடு ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள்: எல்லா அறையையும் திறந்து ஆய்வு செய்ய அனுமதி உண்டு, அறிக்கையில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் செலவு வந்தால் பணத்தைத் திரும்பப் பெற்று விலகும் உரிமை வாங்குபவருக்கு உண்டு.

அறிக்கை வந்த பின் விலையை இரண்டாகப் பிரித்துப் பேசலாம். இந்த ஊர்களில் விலை பொதுவாகச் சென்ட் கணக்கிலும் தேக்கின் கன அடிக் கணக்கிலும் பேசப்படுகிறது. அது வீட்டைப் பிரித்து விற்பவரின் கணக்கு. குடியிருக்க வாங்குபவர் அதிலிருந்து கூரையையும் விட்ட நுனிகளையும் சரிசெய்யும் செலவைக் கழிக்க வேண்டும். பழுது பெரிது, ஆனால் தெரிந்த பழுது என்றால் வாங்கலாம். சுவர் இன்னும் நகர்கிறது, ஏன் என்று தெரியவில்லை என்றால் கண்ணாடித் துண்டுகளை ஒட்டிவிட்டு ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டும்வரை பொறுத்திருக்க விற்பவரிடம் கேட்கலாம். பல ஆண்டுகளாகப் பூட்டிக் கிடந்த வீட்டுக்கு இது பெரிய தாமதமில்லை. அந்த இடைவெளியில் மடக்குகளைச் சுத்தம் செய்து உடைந்த ஓடுகளை மட்டும் மாற்றிவைக்க இரு தரப்பும் செலவைப் பகிர்ந்துகொண்டால், வீடு யாருக்குப் போனாலும் அடுத்த மழையைத் தாங்கும்.